16 ஜிபி கைக்கருவியில் லினக்ஸ் அப்கிரேடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்த்தாண்டத்தில் கணினி சொல்லிக் கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் நான்கைந்து பேராவது லினக்ஸ் கைக்கருவியோடு வந்து உட்கார்ந்திருப்பார்கள். கருங்கல், குளச்சல், தக்கலை என்று பக்கத்து ஊர்க்காரர்கள்தான் அதிகம். நாகர்கோவிலிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்களும் உண்டு. கொண்டுவரும் கருவிகள் பலவகை. பைன்ஃபோன், ராஸ்பெர்ரி பை வைத்துக் கட்டிய குட்டிக் கணினி, பழைய விளையாட்டுகள் ஓடும் கேம் கருவி. ஒருவர் 2009-இல் வந்த நோக்கியா என்900-ஐ இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார். கருவி எதுவானாலும் பிரச்சினை பெரும்பாலும் ஒன்றுதான்: "அப்கிரேடு போட்டேன், இடம் இல்லைன்னு சொல்லி நின்னுபோச்சு."

திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். கட்டளைகளை நாம் வாயால் சொல்வது போலவே எழுதியிருக்கிறேன். கருவியில் அடிக்கும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள். கட்டளையோடு சேர்க்கச் சொல்வது ஒற்றை எழுத்து என்றால் அதன் முன் ஒரு கோடும் (-), சொல் என்றால் இரண்டு கோடும் (--) போடுங்கள்.

இப்போது இருப்பதே நன்றாக ஓடுகிறது. எதற்காக அப்கிரேடு செய்ய வேண்டும்?

இணையத்தோடு இணைகிற கருவி என்றால் செய்துதான் ஆக வேண்டும். ஒவ்வொரு பதிப்புக்கும் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும் காலம் என்று ஒன்று உண்டு. அது முடிந்த பிறகு கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை யாரும் அடைக்க மாட்டார்கள்.

பாதுகாப்பை விட்டுவிட்டாலும், பழைய மென்பொருளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியுலகம் மூடிக்கொண்டே வரும். மேலே சொன்ன என்900-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். தளத்தோடு பாதுகாப்பாகப் பேசும் முறையான டிஎல்எஸ்ஸில் அதன் பிரவுசருக்குத் தெரிந்தது 1.0 பதிப்பு வரைதான். 2020 வாக்கில் பெரிய பிரவுசர்களும் தளங்களும் அந்தப் பழைய முறையைக் கைவிட்டன. அதனால் வன்பொருள் நன்றாக இருந்தும் பெரும்பாலான தளங்கள் அதில் திறக்காமல் போயின. இன்று அதே கருவியில் டெவுவான் என்ற லினக்ஸ் வகையின் அடிப்படையிலான மேமோ லெஸ்டே என்ற இயங்குதளத்தை மெமரி கார்டிலிருந்து ஓட்டலாம். தூக்கிப் போட வேண்டிய பொருள் அல்ல அது.

இணையமே தொடாமல் ஒரே வேலைக்கு வைத்திருக்கும் கருவி என்றால் அப்படியே விட்டுவிடுங்கள். அதை அப்கிரேடு செய்யச் சொல்லி நான் வற்புறுத்த மாட்டேன்.

பெட்டியில் 16 ஜிபி என்று போட்டிருக்கிறது. நான் பாதிகூட நிரப்பவில்லை. பிறகு எப்படி இடம் இல்லை என்கிறது?

இதற்கு நான்கு காரணங்கள் இருக்கலாம். எது உங்களுடையது என்று பார்க்க வேண்டும்.

முதல் காரணம், கணக்கு வித்தியாசம். தயாரிப்பாளர் 1000-த்தால் பெருக்குகிறார், கருவி 1024-ஆல் வகுக்கிறது. ஆக 16 என்பது கருவிக்குள் 14.9 ஆகத்தான் தெரியும்.

இரண்டாவது, பாகப்பிரிவினை. சேமிப்பகம் முழுவதும் ஒரே அறை கிடையாது. என்900-இல் 32 ஜிபி உண்டு. ஆனால் இயங்குதளம் இருந்ததோ 256 எம்பி அளவுள்ள தனிச் சில்லில். 27 ஜிபி படத்துக்கும் பாட்டுக்கும் ஒதுக்கியிருந்தார்கள். பாட்டறை காலியாகக் கிடக்க, இயங்குதள அறை மூச்சு முட்டும். அதனால்தான் அந்தக் காலத்தில் மென்பொருள் எழுதியவர்கள் தங்கள் கோப்புகளை ஆப்ட் (opt) என்ற இன்னொரு ஃபோல்டருக்குத் தள்ளி வைத்தார்கள். அது பெரிய சேமிப்பகத்தில் இருந்தது. உங்கள் கருவியில் 'டிஎஃப்' கட்டளையோடு எச் என்ற எழுத்தைச் சேர்த்து அடியுங்கள். ஒவ்வொரு அறையும் தனித்தனி வரியில் வரும். சாய்கோடு மட்டும் இருக்கிற வரிதான் ரூட். உங்கள் கண் அங்கே இருக்க வேண்டும்.

மூன்றாவது, வட்டில் கோப்புகளை அடுக்கும் இஎக்ஸ்டி4 என்ற கோப்பு முறை, ரூட் பயனருக்கென்று, அதாவது முழு உரிமை உள்ள நிர்வாகிக்கென்று, 5 சதவீதம் ஒதுக்கி வைத்திருக்கும். 16 ஜிபியில் அது முக்கால் ஜிபிக்குப் பக்கம். 'டியூன்2எஃப்எஸ்' கொண்டு அதை 1 சதவீதமாகக் குறைக்கலாம். பூஜ்யமாக்க வேண்டாம். வட்டு நிரம்பிப்போன நாளில் உள்ளே நுழைந்து சரிசெய்ய அந்தக் கொஞ்சம் வேண்டும்.

நான்காவது அபூர்வம், ஆனால் ஆளைக் குழப்பிவிடும். இடம் இருக்கும், ஐநோடு தீர்ந்திருக்கும். ஒவ்வொரு கோப்புக்கும் ஐநோடு என்ற ஒரு குறிப்புச் சீட்டு வேண்டும். லட்சக்கணக்கில் குட்டிக் கோப்புகள் சேர்ந்தால் எண்ணிக்கை முடிந்துவிடும். 'டிஎஃப்' கட்டளையோடு ஐ சேர்த்து அடித்தால் அதைக் காட்டும்.

சரி, அப்கிரேடுக்கு எவ்வளவு இடம் காலியாக இருக்க வேண்டும்?

ஓட்டு வீட்டுக்கு ஓடு மாற்றியிருக்கிறீர்களா? புது ஓடு முழுவதையும் முதலில் முற்றத்தில் இறக்கி அடுக்க வேண்டும். பிறகு வரிசை வரிசையாகப் பழசை எடுத்துப் புதுசை ஏற்றுவார்கள். வேலை முடிந்த பிறகு கூரையின் அளவு முன்பு போலத்தான் இருக்கும். ஆனால் வேலை நடக்கும் நாளில் முற்றம் வேண்டும். அப்கிரேடிலும் அந்த முற்றம்தான் பலருக்கு இல்லாமல் போகிறது.

டெபியன் என்ற லினக்ஸ் வகையின் வழி வந்த கருவிகளில், அதாவது மோபியன், ராஸ்பெர்ரி பை ஓஎஸ் போன்றவற்றில், மென்பொருள்கள் பேக்கேஜ் என்ற பொட்டலங்களாக வரும். அவற்றை இறக்கி நிறுவும் நிரல்தான் ஆப்ட் (apt). எல்லாப் பேக்கேஜும் முதலில் இறங்கி 'வார்' ஃபோல்டருக்குள் இருக்கும் ஆப்டின் கேஷில், அதாவது தற்காலிகக் கிடங்கில், குவியும். பிறகுதான் பிரிக்கத் தொடங்கும். பிரிக்கும்போதும் ஒரு பேக்கேஜின் புதுக் கோப்புகளை எழுதி முடித்த பிறகே பழையவை மாற்றப்படும். அந்தப் பேக்கேஜின் இரண்டு பிரதிகளும் சிறிது நேரம் ஒன்றாக இருக்கும்.

'ஆப்ட் ஃபுல் அப்கிரேடு' (apt full-upgrade) அடித்தால் உங்கள் சம்மதம் கேட்பதற்கு முன் இரண்டு எண்கள் வரும். ஒன்று, எவ்வளவு இறக்க வேண்டும். இன்னொன்று, முடிந்த பிறகு கூடுதலாக எவ்வளவு இடம் பிடிக்கும். பலரும் இரண்டாவதை மட்டும் பார்க்கிறார்கள். இரண்டையும் கூட்டுங்கள். அதற்கு மேல் 500 எம்பி கையிருப்பு வையுங்கள். 500 என்பது நான் வைத்துக்கொண்டிருக்கிற அளவு. இதுவரை போதுமானதாக இருந்திருக்கிறது. மொத்தமும் ரூட்டில் காலியாக இருந்தால் ஆம் சொல்லுங்கள். இல்லையென்றால் இல்லை சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்கு வாருங்கள்.

எதையெல்லாம் அழிக்கலாம்?

நான் செய்கிற வரிசையிலேயே சொல்கிறேன். முதலில் 'ஆப்ட் கிளீன்'. பழைய இறக்கங்கள் இருந்தால் போய்விடும். அடுத்து 'ஆப்ட் ஆட்டோரிமூவ்'. அது நீக்கப்போகும் பட்டியலைப் படித்துப் பார்த்த பிறகே சம்மதம் சொல்லுங்கள். கெர்னல் என்பது இயங்குதளத்தின் மையக் கரு. பழைய கெர்னல்கள் பெரும்பாலும் இதிலேயே கழிந்துவிடும்.

பிறகு பதிவேடுகள். சிஸ்டம்டி என்ற மேலாளர் நிரல் இருக்கும் கருவியில் ஜர்னல் என்ற அதன் பதிவேடு சத்தமில்லாமல் வளர்ந்துகொண்டே இருக்கும். வட்டில் 10 சதவீதம் வரை போக அதற்கு அனுமதி உண்டு. சிறிய வட்டில் அது பெரிய தொகை. 'ஜர்னல்சிடிஎல்' கட்டளையில் வேக்கியூம் சைஸ் 50 எம் (--vacuum-size=50M, எம் மட்டும் பெரிய எழுத்து) என்று கொடுத்துக் குறைத்துவிடலாம்.

அடுத்தது பிளாட்பேக். மென்பொருள் நிறுவ இன்னொரு வழி அது. ஒரு சின்ன மென்பொருளுக்காக ஒரு பெரிய ரன்டைம், அதாவது அது ஓடத் தேவையான பொதுக் கோப்புத் தொகுப்பு, இறங்கியிருக்கும். அந்த மென்பொருளை எடுத்த பிறகும் ரன்டைம் கிடக்கும். பழைய ரன்டைம் பக்கத்திலேயே புதுசும் வந்து குந்தியிருக்கும். 'பிளாட்பேக் அன்இன்ஸ்டால்' கட்டளையில் அன்யூஸ்டு என்று சேர்த்து ஓட்டுங்கள். எங்கள் திண்ணையில் ஒரே தடவையில் அதிகம் இடம் மீட்டுக் கொடுத்தது இதுதான்.

இவ்வளவுக்குப் பிறகும் போதவில்லை என்றால், பெரிய மென்பொருள்களையே தற்காலிகமாக நீக்கிவிடுங்கள். லிப்ரே ஆபீஸ், இரண்டாவது பிரவுசர், விளையாட்டுகள். இதில் இரட்டை லாபம் இருக்கிறது. அவை பிடித்த இடம் கிடைக்கும், அவற்றின் புதுப் பதிப்பை இப்போது இறக்கவும் வேண்டாம். 'ஆப்ட் மார்க் ஷோமேனுவல்' தருகிற பட்டியலை ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொண்டால் அப்கிரேடு முடிந்த பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பப் போடலாம். பலருக்குப் பாதிக்கு மேல் திரும்பப் போடத் தோன்றுவதில்லை.

எந்த ஃபோல்டர் பெரிது என்று தெரியவில்லையா? 'டியூ' கட்டளை இருக்கிறது. அதில் எக்ஸ் என்ற எழுத்தைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் செருகியிருக்கும் மெமரி கார்டையும் சேர்த்து எண்ணிவிடும்.

எதைத் தொடக் கூடாது?

'வார் லிப் டிபிகேஜி' என்ற ஃபோல்டரை. எந்தப் பேக்கேஜ் இருக்கிறது, எது எந்தக் கோப்பைப் போட்டது என்ற மொத்தக் கணக்கும் அங்கேதான் இருக்கிறது. குலசேகரத்திலிருந்து வந்த ஒரு தம்பி "நூத்துச் சொச்சம் எம்பி சும்மா கிடந்துது அக்கா" என்று அதை அழித்துவிட்டு வந்தான். கருவி ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அதற்குத் தன்னிடம் என்ன இருக்கிறது என்றே தெரியவில்லை. நல்லவேளையாக, டெபியன் அந்தக் கணக்கின் முக்கியக் கோப்பை 'வார் பேக்கப்ஸ்' ஃபோல்டரில் நாள்தோறும் நகலெடுத்து வைக்கும். அதைக் கொண்டு ஒரு பகல் முழுவதும் உட்கார்ந்து மீட்டோம்.

இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலையும் தொட வேண்டாம். 'யூநேம்' கட்டளையோடு ஆர் சேர்த்து அடித்தால் அதன் பெயர் வரும். 'பூட்' ஃபோல்டரில் டிடிபி என்று முடியும் கோப்புகளும் அப்படித்தான். அவை இல்லாவிட்டால் கெர்னலுக்குத் திரை எங்கே, பொத்தான் எங்கே என்று தெரியாது.

இடம் மிச்சம் பிடிக்க மொழிக் கோப்புகளை அழிக்கலாம் என்கிறார்கள். அழித்தேன். தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிகிறது.

'லோக்கேல்பர்ஜ்' என்ற கருவி வேண்டாத மொழிபெயர்ப்புகளைக் கழித்துவிடும். நல்ல கருவிதான். ஆனால் எந்த மொழிகளை வைத்துக்கொள்ள வேண்டும் என்று அது கேட்கும்போது தமிழையும் ஆங்கிலத்தையும் தேர்ந்தெடுங்கள். அது அழித்ததைத் திரும்பப் பெற ஒவ்வொரு பேக்கேஜையும் மறுபடி நிறுவ வேண்டியிருக்கும்.

கட்டம் கட்டமாகத் தெரிவது மொழிபெயர்ப்புக் கோளாறு கிடையாது, எழுத்துரு இல்லாத கோளாறு. நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது லோஹித் தமிழ் நிறுவினால் சரியாகிவிடும். எழுத்துருக்கள் பல மொழிகளுக்கும் சேர்த்து ஒரே பெரிய மூட்டையாக வந்திருந்தால் மூட்டையை எடுத்துவிட்டு, தமிழுக்குரிய கோப்பை மட்டும் உங்கள் வீட்டு ஃபோல்டரில் 'டாட் ஃபாண்ட்ஸ்' என்ற இடத்தில் வையுங்கள். அம்மா அனுப்பும் செய்தியைப் படிக்க முடியாத கருவி கையில் இருந்து என்ன பயன்?

மெமரி கார்டு போட்டால் தீர்ந்துவிடாதா?

பாதி தீரும். அதற்கும் சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

கார்டை முற்றமாகப் பயன்படுத்துவதுதான் எனக்குப் பிடித்த வழி. அதாவது இறங்கும் பேக்கேஜ்கள் மட்டும் கார்டில் விழட்டும், நிறுவுவது உள்ளே நடக்கட்டும். ஆப்டுக்குக் கேஷ் ஃபோல்டர் எது என்று கட்டளையிலேயே சொல்ல முடியும். அல்லது கார்டில் ஒரு ஃபோல்டரை அந்த இடத்தில் பைண்டு மவுன்ட் செய்துவிடலாம், அதாவது அந்த இடத்திலேயே இருப்பது போல இணைத்துவிடலாம். கார்டு இஎக்ஸ்டி4 ஆக இருக்கட்டும். கடையில் வாங்கியபடியே இருக்கும் ஃபேட் வடிவத்துக்கு லினக்ஸின் உரிமைக் குறிப்புகள் தெரியாது.

நிரந்தரமாக இடம் வேண்டும் என்றால் 'ஹோம்' ஃபோல்டரைக் கார்டுக்கு மாற்றலாம். அப்போது, எது எங்கே இணைய வேண்டும் என்று சொல்லும் 'எஃப்எஸ்டேப்' கோப்பில் கார்டுக்கான வரியில் 'நோஃபெயில்' என்று சேர்க்க மறக்காதீர்கள். சேர்க்காமல் விட்டால், கார்டு ஒருநாள் சரியாகப் பொருந்தாமல் போகும்போது கருவி ஒன்றரை நிமிடம் காத்திருந்துவிட்டு அவசர நிலையில் போய் நிற்கும். கடற்கரை ஊர்க்காரர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். உப்புக்காற்றில் கார்டின் பித்தளை நிறப் பட்டைகள் மங்கிவிடுகின்றன. குளச்சலிலிருந்து வரும் கருவிகளில் இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இன்னொரு விஷயம். ஹோமைக் கார்டுக்கு நகலெடுத்த பிறகு, பழைய ஹோமை அழிக்காமலே அதன்மேல் கார்டை மவுன்ட் செய்துவிடுகிறார்கள். பழைய கோப்புகள் அடியில் மறைந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது, இடத்தை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும். ரூட்டை வேறோர் இடத்தில் பைண்டு மவுன்ட் செய்து பார்த்தால் அவை வெளியே வரும். டெபியன் 13-க்கு மாறியவர்கள் 'டெம்ப்' ஃபோல்டரையும் இப்படிப் பார்க்க வேண்டும். அந்தப் பதிப்பிலிருந்து டெம்ப் நினைவகத்துக்கு, அதாவது ரேமுக்குப் போய்விட்டது. பழைய டெம்ப் கோப்புகள் வட்டில் அடியில் கிடக்கும். ரேம் குறைந்த கருவி என்றால் டெம்ப்பில் பெரிய கோப்பு எதையும் வைக்காதீர்கள். ரேமில் பாதிவரை அது விழுங்கும்.

கார்டு வாங்கும்போது ஏ1 அல்லது ஏ2 குறி பாருங்கள். ஏ1 என்றால் நொடிக்கு 1500 தடவை படிக்கவும் 500 தடவை எழுதவும் முடியும் என்று பொருள். ஏ2-க்கு 4000, 2000. இயங்குதளம் குட்டிக் குட்டியாக எழுதுவதால் இந்த எண்தான் முக்கியம். விலை மலிவாகக் கிடைத்த 256 ஜிபி கார்டு என்றால் முதல் வேலையாக 'எஃப்3' கொண்டு சோதியுங்கள். உண்மையில் எவ்வளவு எழுத முடிகிறது என்று அது சொல்லிவிடும்.

பூட் பகுதி நிரம்பிவிட்டது என்று வருகிறது.

இதை அலட்சியம் செய்யாதீர்கள். ரூட் நிரம்பினால் அப்கிரேடு நிற்கும், அவ்வளவுதான். பூட் நிரம்பினால் கருவி மறுபடி எழும்பாமலே போகலாம். கருவி எழும்பும்போது கெர்னலோடு முதலில் ஏறுகிற இனிட்ராம்எஃப்எஸ் கோப்பு புதுக் கெர்னலுக்குப் பாதியில் அறுந்து நிற்கும். அந்த நிலையில் ரீபூட் செய்யக் கூடாது.

பழைய கெர்னலை நீக்குங்கள். பிறகு இனிட்ராம்எஃப்எஸ் அமைப்புக் கோப்பில் 'மாட்யூல்ஸ்' என்ற வரியில் 'மோஸ்ட்' இருப்பதை 'டெப்' என்று மாற்றுங்கள். உலகத்தில் இருக்கிற எல்லாக் கருவிக்குமான டிரைவர்களைச் சுமக்காமல் உங்கள் கருவிக்கு வேண்டியதை மட்டும் வைத்துக்கொள்ளும். கோப்பு நன்றாகச் சுருங்கும். மாற்றிய பிறகு அதை மறுபடி உருவாக்கி, அளவு சரிதானா என்று பார்த்துவிட்டு அணையுங்கள்.

ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி டேட்டாதான். எப்படி இறக்குவது?

இறக்குவதையும் நிறுவுவதையும் பிரித்துவிடுங்கள். 'டவுன்லோடு ஒன்லி' என்று சேர்த்தால் ஆப்ட் இறக்கி மட்டும் வைக்கும். டேட்டா தீர்ந்து நின்றாலும் கவலை இல்லை. மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரும். இரண்டு மூன்று நாளில் இறங்கி முடிந்ததும் நிதானமாக நிறுவலாம். பேச்சிப்பாறைப் பக்கம் சிக்னலே இல்லாத வீட்டில் இருப்பவர்களுக்கு 'ஆப்ட் ஆஃப்லைன்' இருக்கிறது. வேண்டியவற்றின் பட்டியலைக் கருவியில் எடுத்து, இணையம் உள்ள வேறு கணினியில் இறக்கி, பென்டிரைவில் கொண்டுவந்து நிறுவலாம்.

நடுவில் கரண்டு போனால்?

கைக்கருவியில் பேட்டரி இருப்பதால் கரண்டு போவது நேரடியாகப் பாதிக்காது. வைஃபை ரூட்டர் அணையும், அவ்வளவுதான். இறக்கி முடித்துவிட்டுத்தான் நிறுவத் தொடங்கினீர்கள் என்றால் அதுவும் பிரச்சினை இல்லை. ஆனாலும் இடவப்பாதி மழை கொட்டுகிற நாளிலும், பராமரிப்புக்கு மின்நிறுத்தம் அறிவித்த நாளிலும் நான் தொடங்க மாட்டேன். முழு சார்ஜ், சார்ஜரில் செருகியபடி, பக்கத்தில் ஒரு பவர் பேங்க்.

கரண்டு போவதைவிட அதிகம் கெடுப்பது தூக்கம். ஐந்து நிமிடம் தொடாமல் இருந்தால் திரை அணைந்து கருவி சஸ்பெண்டு ஆகிவிடும். அமைப்பில் போய் அதை நிறுத்தி வையுங்கள். மடிக்கணினியிலிருந்து எஸ்எஸ்எச் என்ற தொலை இணைப்பு வழியாகச் செய்கிறீர்கள் என்றால் 'டிமக்ஸ்' உள்ளே ஓட்டுங்கள். இணைப்பு அறுந்தாலும் வேலை நடந்துகொண்டே இருக்கும்.

அக்கா, பாதியில் இடம் தீர்ந்து நின்றுவிட்டது. இப்போது என்ன செய்ய?

அணைக்காதீர்கள். முதலும் முக்கியமும் அதுதான்.

எனக்கே இது நடந்திருக்கிறது. ரூட் 98 சதவீதம் நிரம்பியிருந்த கருவியில், இறக்க வேண்டிய அளவைக் கணக்கில் சேர்க்காமல் ஆம் என்று அடித்துவிட்டேன். நடுராத்திரி, பாதிப் பேக்கேஜ்கள் புதுசு, பாதி பழசு, சில இரண்டுக்கும் நடுவில். திரையில் ஒரே வரி திரும்பத் திரும்ப. பயத்தில் கை பவர் பொத்தானுக்குப் போய்விட்டது. போன கையை இழுத்துக்கொண்டேன். ஏற்கெனவே நினைவகத்தில் ஏறியிருக்கும் நிரல்கள் ஓடிக்கொண்டிருக்கும்வரை உள்ளே ஆள் இருக்கிறது, கதவைத் திறந்து கொடுக்கும். அணைத்துவிட்டால் வெளியிலிருந்து பூட்டை உடைக்க வேண்டும்.

அன்று செய்ததையே இன்றும் சொல்கிறேன். இன்னொரு டெர்மினலைத் திறந்தேன். ஜர்னலைச் சுருக்கினேன், அதில் கொஞ்சம் மூச்சு வந்தது. கேஷில் இருந்த பேக்கேஜ்களை அழிக்காமல் மெமரி கார்டுக்கு நகர்த்தி, அந்த ஃபோல்டரைக் கேஷ் இருந்த இடத்திலேயே பைண்டு மவுன்ட் செய்தேன். மறுபடி இறக்க வேண்டியதில்லை, ரூட்டிலும் இடம் வந்துவிட்டது. கார்டு கையில் இல்லாதவர்கள் 'ஆப்ட் கிளீன்' போடலாம். டேட்டா திரும்பச் செலவாகும், பரவாயில்லை. பிறகு 'டிபிகேஜி கான்ஃபிகர்' கட்டளையை ஏ சேர்த்து ஓட்டினேன். பிரித்துவிட்டு அமைக்காமல் விட்டவற்றை அது முடித்து வைக்கும். அடுத்து 'ஆப்ட் இன்ஸ்டால்' கட்டளையில் ஃபிக்ஸ் புரோக்கன். இந்த இரண்டையும் மாறி மாறி மூன்று தடவை ஓட்ட வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் பிழை குறைந்துகொண்டே வந்தது. பிழையே இல்லாமல் முடிந்த பிறகு 'ஃபுல் அப்கிரேடு' மறுபடி. கடைசியாக இனிட்ராம்எஃப்எஸை ஒருமுறை கைப்பட உருவாக்கிவிட்டு ரீபூட் செய்தேன். விடியற்காலை நாலரை மணி. எழும்பியது.

அணைத்துவிட்டு வந்தவர்களுக்கும் வழி உண்டு. பைன்ஃபோன் முதலில் மெமரி கார்டைத்தான் தேடும். ஆகவே கார்டில் வேறொரு இயங்குதளம் போட்டு எழுப்பி, உள் சேமிப்பகத்தை மவுன்ட் செய்து சரிபார்க்கலாம். ஜம்ப்டிரைவ் என்ற சின்ன இமேஜை, அதாவது கார்டில் அப்படியே எழுதும் முழு இயங்குதளக் கோப்பை, எழுதினால், பைன்ஃபோனே ஒரு பென்டிரைவ் போல மடிக்கணினியில் தெரியும்.

பேக்கப் எப்படி எடுப்பது?

மேலே சொன்ன ஜம்ப்டிரைவ் முறையில் கருவியை மடிக்கணினியோடு இணைத்து, 'டிடி' கட்டளையால் முழுச் சேமிப்பகத்தையும் ஒரே கோப்பாக எடுத்துவிடுங்கள். மூலம் எது, இலக்கு எது என்று இரண்டு தடவை வாய்விட்டுப் படித்த பிறகு என்டர் தட்டுங்கள். இரண்டையும் மாற்றிக் கொடுத்தால் டிடி கேள்வி கேட்காது.

டெபியன் 11-இல் இருக்கிறேன். நேராக 13-க்குப் போகலாமா?

கூடாது. 2021-இல் வந்த 11-லிருந்து 2023-இன் 12-க்கு, அங்கிருந்து 2025-இன் 13-க்கு. ஒவ்வொரு படியிலும் முதலில் 'அப்கிரேடு' கட்டளையைப் புதுப் பேக்கேஜ் சேர்க்காமல் ஓட்டுங்கள், பிறகு கேஷைக் கழியுங்கள், அதன் பிறகு 'ஃபுல் அப்கிரேடு'. சிறிய வட்டுக்கு இந்த இரண்டு கட்ட முறை மிகவும் உதவும். 32 பிட் ஆர்ம் கருவி என்றால் 13-க்கான படி பெரிதாக இருக்கும். 32 பிட் நேரக் கணக்கு 2038-ஆம் ஆண்டில் நிரம்பிவிடும். அந்தக் கோளாறைத் தீர்க்க அதை 64 பிட்டாக்கினார்கள். அதற்காக ஏராளமான பேக்கேஜ்கள் மாற்றப்பட்டிருக்கின்றன.

இரண்டு படி ஏற வேண்டும், வட்டோ 16 ஜிபி என்றால், நான் அப்கிரேடை விட்டுவிட்டுப் புதிதாகவே நிறுவச் சொல்வேன். வீட்டு ஃபோல்டரையும் பேக்கேஜ் பட்டியலையும் எடுத்து வைத்துவிட்டுப் புது இமேஜை எழுதினால் ஒரு மணி நேர வேலை. ராஸ்பெர்ரி பை ஓஎஸ் செய்பவர்களும் பெரிய பதிப்பு மாற்றத்துக்குப் புதிதாக நிறுவுவதையே பரிந்துரைக்கிறார்கள். கருவிக்கென்று தனிக் கெர்னல் வைத்திருக்கும் யூகன்சோல் கைக்கணினி போன்றவற்றிலும் இதுதான் நல்லது. பொதுக் கெர்னல் மேலே வந்து விழுந்தால் திரையே வராமல் போகலாம்.

டெபியன் இல்லாத கருவிகளுக்கு?

போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் ஆல்பைன் என்ற லினக்ஸ் வகையின் அடிப்படையிலானது, உடம்பே சிறியது. ஆவணமும் மொழிக் கோப்பும் அங்கே தனிப் பேக்கேஜாகவே பிரிந்திருக்கும், வேண்டும் என்றால்தான் வரும். வருடத்துக்கு இரண்டு பதிப்பு. மாறுவதற்கென்று தனிக் கட்டளையே வைத்திருக்கிறார்கள். இடம் குறைந்த கருவிக்கு எதைப் போடலாம் என்று கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வேன்.

உபுண்டு டச் முழு இமேஜாக மாறும். ரூட்டில் நீங்களாகச் சேர்த்தது எதுவும் மிஞ்சாது. ஸ்டீம் டெக் என்ற கேம் கருவியில் ரூட் இரண்டு பிரதி இருக்கிறது, ஒவ்வொன்றும் 5 ஜிபி. ஒன்று ஓடும்போது மற்றதில் புதுப் பதிப்பு எழுதப்படும். முற்றத்தை அவர்களே கட்டிக் கொடுத்துவிட்டார்கள். 64 ஜிபி மாடல் வைத்திருப்பவர்களுக்கு இடப் பிரச்சினை ஹோமில்தான் வரும், பெரும்பாலும் விளையாட்டுகளின் ஷேடர் கேஷால், அதாவது காட்சிகளை வரையச் சேர்த்து வைக்கும் கோப்புகளால்.

செயில்ஃபிஷ் இயங்குதளம் வைத்திருப்பவர்கள் நடுவில் சில பதிப்புகளைத் தாண்ட முடியாது, அவற்றில் நின்று நின்று ஏற வேண்டும். 2013-இன் முதல் ஜொல்லா போன் என்றால் இன்னொன்றும் உண்டு. அது பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறை. டிஎஃப் காலி இடம் காட்டும், ஆனால் எழுத இடம் இருக்காது. அப்கிரேடுக்கு முன் 'பேலன்ஸ்' ஓட்ட வேண்டும்.

பிள்ளையின் கேம் கருவிக்குப் புது இயங்குதளம் போட வேண்டும்.

பழைய கார்டைத் தொடாதீர்கள். அதை அப்படியே எடுத்து ஒரு கவரில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள். புதுக் கார்டில் ராக்னிக்ஸோ மூஓஎஸ்ஸோ உங்கள் மாடலுக்குரிய இமேஜை எழுதிச் செருகுங்கள். பிடிக்கவில்லை என்றால் பழையதைத் திரும்பப் போட்டால் முடிந்தது. சேமித்த ஆட்டங்களை மட்டும் முதலிலேயே நகலெடுத்துவிடுங்கள். பிள்ளைக்கு இயங்குதளத்தைவிட அதுதான் பெரிது.

அண்ணன் சின்னமுட்டத்தில் மீன்பிடிப் படகு வைத்திருக்கிறார். கருவியில் வரைபடம் இணையம் இல்லாமல் ஓடுகிறது. அப்கிரேடு செய்தால் வரைபடம் போய்விடுமா?

பியூர் மேப்ஸும் ஓஎஸ்எம் ஸ்கவுட் சர்வரும் வைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன். வரைபடக் கோப்புகள் வீட்டு ஃபோல்டரில் இருப்பதால் சாதாரண அப்கிரேடில் போகாது. ஆனால் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதும் அவைதான். நாடு முழுவதும் இறக்கியிருந்தால் தெற்குப் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்கச் சொல்லுங்கள். மிச்சத்தைக் கார்டுக்கு மாற்றுங்கள்.

அவரைக் கடலுக்குப் போகிற முந்தின நாள் அப்கிரேடு செய்யச் சொல்லாதீர்கள். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை இருக்கிறதே, அப்போது கருவியைக் கொண்டு வரச் சொல்லுங்கள். முடித்த பிறகு ஒரு வாரம் கரையிலேயே வைத்து ஓட்டிப் பார்க்கட்டும். படகில் ஏற்கெனவே இருக்கிற ஜிபிஎஸ் கருவியை இதை நம்பிக் கழற்ற வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள்.